என் சகலையின் சக்கரம் சுற்றிய திசை

இதை நீங்கள் ஒருவரும் நம்பப் போவதில்லை. ஆனாலும் குலதெய்வத்தின் மீது ஆணையாக, காஞ்சிபுரத்து நூற்றெட்டுக் கோயில்களையும் சாட்சி வைத்து, என் சகலை பக்தவச்சலத்தைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மண் வகுப்புக்கு வந்த உங்களுக்கு அவரைத் தெரியும். 'அவர்' என்றுதான் எழுத வேண்டும், இறந்தவருக்கு அதுதான் மரியாதை. ஆனால் என்னைவிட நாலு வயது சின்னவன், என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். மேலும், அவனுக்கு மரியாதை கொடுக்க என் கை ஒருநாளும் சுலபமாக வளைந்ததில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி வசந்தா செல்போனில் கூப்பிட்டாள்.

"என்னாங்க, மல்லிகா வூட்டுக்காரர் போயிட்டாரு."

"எங்க? கொரியாவுக்கா?" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகை வந்தது. நம் மண் வகுப்பைத் தொடங்கிவைத்த கொரியாக்காரர்கள் என்னைக் கூப்பிடாமல் அவனை மட்டும் தங்கள் ஊருக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம் எனக்கு வருடக்கணக்காக இருந்தது. அதனால்தான் வாய் அப்படிப் போயிற்று. காலையில் சூளைக்கு விறகு அடுக்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம்.

பென்னலூரில் அவன் வீட்டுக்குப் போனால் உள்ளே நுழைய இடமில்லை. ஏ ஷிப்டுக்குப் போகிறவர்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கியிருந்தார்கள். சி ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கப் போகாமல் வந்திருந்தார்கள். மாலைகளை ஒன்றோடொன்று முடிந்தால் பூந்தமல்லிக்குப் போய்த் திரும்பி வரும். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த முருகன், பிரஸ் ஷாப்பில் இரும்பையே வளைக்கிற ஆள், வாசலில் உட்கார்ந்து, "எங்கள இப்பிடி விட்டுட்டுப் போயிட்டீயளே அண்ணாச்சி" என்று குலுங்கிக்கொண்டிருந்தான். நான் ஓரமாக நின்று, என் சாவுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களில் இரண்டு மிச்சமிருந்தன. செத்த பிறகும் அவன் என்னை விடவில்லை.

பக்தா ஒரு டைல்ஸ் கம்பெனியில் பராமரிப்பு ஃபிட்டர். மெஷினைக் கழற்றி மாட்டுகிற இடத்தில் மண்ணும் இருந்ததால் மண்மீது ஆசை வந்துவிட்டது. கார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஊரில் எல்லோரும் நிலம் விற்று மாடி கட்டினார்கள். அவன் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஒரு ஸ்டுடியோ கட்டினான். அதற்குத் தேவையானது முழுவதும் காயலான் கடையிலிருந்து வந்தது. சக்கரத்துக்குப் பழைய மோட்டார், லாரி பேரிங், மேலே ஒரு இரும்புத் தட்டு. மண்ணை அறுக்க மோட்டார் சைக்கிள் கிளட்ச் வயரிலிருந்து பிரித்த ஒற்றை இழை, இரண்டு முனையிலும் பிடிக்க இரண்டு நட்டு. அடிப்பாகத்தைச் சீவுவதற்கு ஹேக்ஸா பிளேடை நெருப்பில் காட்டி வளைத்தான். பஞ்சுக்குக் கார் சீட்டின் ஸ்பாஞ்சு. சூளைக்கு ஒரு எண்ணெய் டிரம், உள்ளே ஏதோ ஃபர்னேஸிலிருந்து கழித்துப் போட்ட, சூடு தாங்கும் வெள்ளைக் கம்பளி. நெருப்பின் சூட்டை அளக்க வெல்டரின் கறுப்புக் கண்ணாடி. அதைக் கண்ணில் வைத்து சூளையின் ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு டீ குடிக்கிற நேரம் ஆவும்" என்பான். சரியாக இரண்டாவது டீ முடிகையில் பானைகள் பழுத்திருக்கும்.

இதைப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிற்று. நான் மறைமலை நகர் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறவன். பொருள் என்றால் அது எங்களுக்குத்தான் தெரியும். இரண்டு தெரு தள்ளி என் மனையில் ஒரு கொட்டகை எழுப்பினேன். மூன்று மின்விசிறி, டைல்ஸ் போட்ட கக்கூஸ், டெல்லியிலிருந்து லாரியில் வந்த பளபளக்கும் சக்கரம். அவனுக்கு த்ரீ பேஸ் கரண்டு இருந்ததால் நானும் த்ரீ பேஸ் மோட்டார்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். ஒரு பெட்டி நிறையக் கருவிகள்: மரக்கட்டை, வளையம், ஊசி, சீவுளி. அவற்றை விரித்து வைத்தால் ஒரு படைக்கு ஆயுத பூஜை போடலாம். ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டி, ஸ்டோரில் இருப்புக் கணக்குக்கு வைப்பதுபோல பின் கார்டு எழுதி ஆணியில் மாட்டினேன். பாதிக்கு மேல் எதற்கு என்று எனக்குத் தெரியாது.

பக்தா ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்தான். ஒரு கருவியை எடுத்து, "இது எதுக்கு சகல?" என்றான்.

"அது நம்பர் பதினேழு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். பத்திரமாகப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு, "மொதல்ல ஒரு பக்கெட் தண்ணி, அப்பால ஒரு ஈரத்துணி. இது ரெண்டும் இல்லாம மண்ணு மேல கை வெக்காத" என்று சொல்லிவிட்டுப் போனான். அத்தனை ஆயுதங்களுக்கு நடுவே என்னிடம் பக்கெட் இல்லாததை அப்போதுதான் பார்த்தேன்.

என் சூளைக்கு டிஜிட்டல் மீட்டர் வைத்திருந்தேன். முதல் முறை பற்றவைத்ததும் உள்ளே தீபாவளி. பானைகள் வெடித்த சத்தத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ரயில்வே லைனே இல்லாத இடத்தில் ரயில் நின்றது. பக்தா வந்து ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தான். "மண்ணு உள்ள ஈரமா கீது சகல. மீட்டரு சூளையைப் பாத்துக்கினு கீது. மண்ணை யாரு பாக்கறது?" என்றான். அவன் சொன்னவற்றில் எனக்கு மறக்காமல் நிற்பது இதுதான், ஏனென்றால் அதை வசந்தாவின் முன்னால் சொன்னான்.

அப்போதுதான் கொரியாக்கார அம்மாள் வந்தார். கார் கம்பெனியில் பெரிய இஞ்சினியரின் மனைவி, சொந்த ஊரில் மண் வேலை பழகியவர். கம்பெனிக் குடும்பங்களும் தொழிலாளிகளும் ஞாயிறுதோறும் மண் வேலை பழக ஒரு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஒரு இடத்தை முடிவு செய்வதாக டிரைவர் மூலம் சொல்லி அனுப்பினார். குடும்பத்தில் மண் தெரிந்தவன் யார் என்று ஊரே அறியப்போகும் நாள் அது. எனக்கு அது பட்டாபிஷேகம். தோற்றால் வனவாசம்.

முதலில் பக்தாவின் கொட்டகை, பிறகு என்னுடையது என்று நானே வரிசை போட்டேன். முந்தின நாள் சாயங்காலம் சூறைக்காற்று, மழை. கம்பி அறுந்து ஊர் இருட்டானது. விடிந்த பிறகு ஈபி ஆட்கள் வந்து இழுத்துக் கட்டினார்கள். கரண்டு வந்ததும் நான் நேராகப் பக்தா வீட்டுக்கு டீ குடிக்கப் போனேன். மல்லிகா டீயைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பக்தாவும் எதையோ தேடிக்கொண்டு உள்ளே போயிருந்தான். கொட்டகையில் நானும் அவன் சக்கரமும் மட்டும்.

த்ரீ பேஸ் மோட்டாரில் மூன்று ஒயர் வரும். அதில் எந்த இரண்டை இடம் மாற்றினாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இது இந்தப் பக்கத்தில் கம்பெனி கேட்டைத் தாண்டிய எவருக்கும் தெரியும். குயவன் கை ஒரு திசைக்குப் பழகியது. எங்கள் சக்கரங்கள் கோயில் பிரதட்சணம்போல வலமாகச் சுற்றும். இடமாகச் சுற்றினால் மண் விரலை மடக்கித் தள்ளும், பானை எழும்பாது. மெயினை அணைத்தேன். பென்சில் சீவும் கத்தியின் முனையால் திருகாணியைத் தளர்த்தி, சிவப்பு ஒயரையும் மஞ்சள் ஒயரையும் மாற்றி மாட்டினேன். மெயினைப் போட்டேன். டீயைக் குடித்துவிட்டு, வீட்டுக்குள் இருந்தவனுக்குக் கேட்கும்படி "நல்லா நடக்கும்டா" என்று ஆசீர்வாதமும் செய்துவிட்டு வந்தேன். இராவணனுக்குப் பத்துத் தலை இருந்தும் இந்த யோசனை வந்திருக்காது.

காரில் அம்மாள் வந்து இறங்கினார். பக்தா முழங்கைவரை நனைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டான். நான் முகத்தில் சோகத்தை ஏற்பாடு செய்துகொண்டு நின்றேன்.

சக்கரம் வலமாகச் சுற்றியது.

அவன் மண்ணை நடுவில் நிறுத்தி, கட்டை விரலை இறக்கி, மூன்றே இழுப்பில் ஒரு ஜாடியை எழுப்பினான். அது வளர்ந்து கூரையைத் தொட்டு, ஆஸ்பெஸ்டாஸில் ஓட்டை போட்டு, வெளியே போன பருந்தை விசாரித்தது. அம்மாள் இரண்டு கையையும் சேர்த்து வணங்கினார். எனக்கு உள்ளே ஒரே கேள்வி. மாற்றிய ஒயர் எப்படி நேராகச் சுற்றும்?

என் கொட்டகையில் விடை கிடைத்தது. சக்கரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பிளாஸ்டிக் உறையால் மூடியிருந்தேன். அழுக்காகும் என்று காலையில் ஓட்டிப் பார்க்கவில்லை. மண்ணை வைத்து சுவிட்சைப் போட்டேன். அது இடமாகச் சுற்றியது. கம்பியை இழுத்துக் கட்டிய ஈபி ஆட்கள் ஊர் லைனிலேயே இரண்டு பேஸை மாற்றிக் கட்டியிருந்தார்கள். நான் கெடுக்கப்போன பக்தாவின் சக்கரத்தைச் சரிசெய்துவிட்டு வந்திருக்கிறேன். என்னுடையதை யார் சரிசெய்வது?

எதிர்ப்பக்கம் சுற்றியதில் மேல் தட்டைப் பிடித்திருந்த நட்டு தானாகக் கழன்றது. தட்டு எழும்பி, ஜன்னல் வழியாகப் பறந்து, செம்பரம்பாக்கம் ஏரியில் நாலு முறை எம்பிக் குதித்து மூழ்கியது. மண் அம்மாளின் வெள்ளைச் சட்டையில் இந்தியாவின் படம் வரைந்தது. டிரைவர் மெதுவாகச் சொன்னான், "மேடம் கேக்குறாங்கோ, இது புது மாடலான்னு."

என்னை விழுங்க பூமி பிளக்கவில்லை. கூட்டத்திலிருந்து பக்தாதான் வந்தான். சட்டைப் பையிலிருந்து லைன் டெஸ்டரை எடுத்தான். மெயினை அணைத்து, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, இரண்டு ஒயரை மாற்றி மாட்டினான். என் அத்தனை கருவிகளில் ஒரு டெஸ்டர் இல்லை. பெட்டியை மூடிவிட்டு டிரைவரிடம் சொன்னான்: "காத்துல கம்பி அறுந்து பூட்ச்சி, ஈபிகாரங்கோ பேஸை மாத்திக் கட்டிட்டாங்கோ. இவரு மேல இன்னா தப்பு கீது? சொல்லு அவங்ககிட்ட."

சொல்லிவிட்டு என் காதருகே வந்தான். "காலைல என் சக்கரமும் தலைகீழாத்தான் சுத்துச்சு. டெஸ்டர் எடுக்க உள்ள போனேன். திரும்பி வந்தா நேரா சுத்துது. சிவப்பும் மஞ்சளும் எடம் மாறி கீது, பக்கத்துல டீ கிளாஸ் காலியா கீது. தேங்க்ஸ் சகல."

அம்மாள் தீர்ப்பு சொன்னார். மின்விசிறி, கக்கூஸ், சக்கரம் எல்லாம் இருப்பதால் இடம் என்னுடையது. வாத்தியார் பக்தா. இதைவிடப் பெரிய தண்டனையை எந்த நீதிமன்றமும் கொடுத்ததில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் என் கூரையின் கீழே, என் சக்கரத்தில் அவன் உட்கார்ந்தான். நீங்கள் எல்லோரும் அவனைச் சுற்றி நின்றீர்கள். நான் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

அவன் மண்ணைத் தொடும் முன் ஒவ்வொரு வாரமும் என்னைப் பார்த்து, "சகல, எந்தப் பக்கம் சுத்துது?" என்று கேட்பான். நான் சுவிட்சைப் போட்டுப் பார்த்து, "நேராத்தான் சுத்துது" என்று சொல்ல வேண்டும். நீங்கள் அதை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டீர்கள். நான் பதில் சொல்லும்வரை ஒருவரும் கையை நனைப்பதில்லை. ஊருக்குத் திரும்பிப்போன அந்த அம்மாளும் அங்கே வகுப்பு தொடங்கும் முன் இதையே சுத்தத் தமிழில் கேட்பதாகவும், கொரியர்கள் கோரஸாகப் பதில் சொல்வதாகவும் கேள்வி.

காரியம் முடிந்த அன்று மல்லிகா அவன் கொட்டகையைத் திறந்துவிட்டு, "மாமா, உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கினு போங்க" என்றாள். எத்தனை வருட ஆசை. கிளட்ச் வயர் இழை, ஹேக்ஸா பிளேடு, வெல்டர் கண்ணாடி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் என் கைக்கு உட்காரவில்லை. அவன் கைக்காக வளைத்தவை. முருகனுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு நீங்கள் வந்திருந்தீர்கள். கை நனைக்காமல் நின்றீர்கள். கேட்பதற்கு ஆள் இல்லை. நான் சுவிட்சைப் போட்டேன். யாரும் கேட்காமலே, "நேராத்தான் சுத்துது" என்றேன். முருகன் முதலில் பக்கெட்டில் கையை விட்டான். பக்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

இனி கணக்கை நேர் செய்துவிடுகிறேன். பருந்தைக் கழித்துவிடுங்கள். தட்டு ஏரிக்குப் போகவில்லை, என் காலடியில்தான் விழுந்தது. ரயில் நிற்கவில்லை. கொரியர்கள் தமிழ் பேசுவதில்லை. சிவப்பு ஒயரையும் மஞ்சள் ஒயரையும் மாற்றியது மட்டும் உண்மை. வசந்தாவுக்கும் மல்லிகாவுக்கும் இதை வாசிக்கும்போதுதான் தெரியும், ஏனென்றால் அவன் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதிலும் எனக்குப் பொறாமைதான். நானாக இருந்தால் அன்று சாயங்காலமே ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன்.