ஆடு கடித்த சவுண்டல்

திருவெள்ளறை பக்கம் எங்களுக்கு இருக்கும் கொஞ்ச நிலத்தில் சவுண்டல் மரம் வைக்கலாம் என்று சொன்னவர் என் கணவர். நான் ஸ்கூல் டீச்சர், அவருக்கு ஆபீஸ் வேலை. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு கடலையும் சோளமும் போட எங்களால் முடியாது. "மரம்னா நாம பார்க்காட்டியும் வளரும்" என்றார். வளர்ந்தது. அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

சவுண்டலை முழங்கால் உயரத்துக்குக் கட்டை விட்டு வெட்டினால் மறுபடி கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். நேராக நிற்கும் இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிட்டால், சில வருஷத்தில் வாழைக்கு முட்டுக் கொடுக்கும் கழி கிடைக்கும். தோப்பை நான்காகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கு வெட்டுவது என்று திட்டம் போட்டேன்.

முதல் பங்கை ஆவணியில் வெட்டினோம். ஐப்பசி மழையில் துளிர் விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஆசையாகப் போனால் கட்டையெல்லாம் மொட்டை. தரை முழுக்க ஆட்டுப் புழுக்கை.

ஆள் வைத்து முள் அடைத்தேன். ஆடுகள் முள்ளில் சந்து கண்டு உள்ளே வந்து தின்றன. மறுபடி அடைத்தேன். மறுபடி தின்றன. வீட்டில் சொன்னால், "விடு, மரம்தானே" என்றார் கணவர். எனக்கு அவர் மேல்தான் முதலில் கோபம் வந்தது.

ஆடுகள் பக்கத்துக் கடலைக்காட்டுக்காரம்மாவுடையவை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மார்கழியில் ஒரு நாள் நேராகப் போய்க் கேட்டேன்.

"ஏங்கக்கா, ஆட்டைக் கட்டி வச்சா என்ன?"

"டீச்சர், இப்படி வாங்க" என்று என்னைத் தன் காட்டுக்குள் கூட்டிப் போனார். கடலைச் செடிக்கு நடுவே எங்கு பார்த்தாலும் சவுண்டல் கன்று. "உங்க மரத்து நெத்து வெடிச்சு விழுந்த விதை. பிடுங்கிப் பிடுங்கி என் கை போச்சு. நான் உங்ககிட்ட வந்து கேட்டேனா?"

ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பாதியில் அறுந்து வேர் உள்ளேயே நின்றது. அவர் பக்கம் நியாயம் இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரு வழியாகப் பேசி முடித்தோம். நெத்து முற்றும் முன்னால் நான் கிளை கழித்து, தழையை அவர் ஆடுகளுக்குக் கொடுப்பது. துளிர் ஆட்டுக்கு எட்டாத உயரம் வரும்வரை அவர் ஆடுகளைக் கட்டி வைப்பது.

நான் சொன்னபடி செய்தேன். விடுமுறை நாளெல்லாம் அரிவாளோடு கழிந்தது. அவரும் கட்டித்தான் வைத்தார். ஆனால் கிடா ஒன்று கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு வந்துவிடும். "நான் என்ன டீச்சர் பண்ணுவேன், அது பொறந்ததுலருந்தே அப்படி" என்பார். எனக்குச் சிரிப்பு வராது.

சில வருஷத்தில் எப்படியோ முதல் பங்கு என் தலைக்கு மேல் போயிற்று. அது தேறட்டும் என்று மற்ற பங்குகளை வெட்டாமல் விட்டிருந்தேன். இந்த வருஷம் கொள்ளிடக் கரையில் வாழை போட்டிருக்கும் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். ஒவ்வொரு கழியாகத் தடவிப் பார்த்தார்.

"கடிபட்ட இடத்துலெல்லாம் கவையா பிரிஞ்சு கோணிப் போச்சுங்க. முட்டுக்கு ஆகாது."

"ஒண்ணுகூடவா?"

"விறகுக்கு வேணா ஆகும்."

அவர் போன பிறகு கணவருக்கு போன் செய்தேன். "நிலத்தையே வித்துடலாமா?" என்றார். இத்தனை வருஷமாக ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதவர் அதைச் சொன்னதும், "நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன். அப்படி ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுவாரம் ஆள் வந்து அந்தப் பங்கு முழுவதையும் பழையபடி கட்டைக்கு வெட்டினான். கடலைக்காட்டுக்காரம்மா தழையைக் கட்டுக்கட்டாகச் சுமந்து போனார். நான் கம்பிவேலிக்கு விலை விசாரிக்க டவுனுக்கு பஸ் ஏறினேன்.