பன்னிரண்டு மணிக்குப் பாத்திரம் இறக்கியவர்

எங்கள் அண்ணன் பிறந்தது செந்துறைப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்து குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு அங்கே வெடி வைக்கும் வேலை. நாற்பது வீட்டுக்காரர்களும் திசைக்கொருவராக வந்து சேர்ந்தவர்கள்தாம். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது பகல் பன்னிரண்டு மணி வெடி ஒன்றுதான். சங்கு ஊதியதும் அலமாரிப் பாத்திரங்களைத் தரையில் இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அதிர்வில் அவையே இறங்கிவிடும்.

அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை. யார் முகத்தையும் பார்க்க மாட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் சங்குக்கு முன்பே கிளம்பி, வீடு வீடாகப் போய்ப் பாத்திரங்களை இறக்கி வைப்பார். அவருக்காகவே அந்நேரம் ஒருவரும் கதவைச் சாத்த மாட்டார்கள். எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா, "தம்பி வந்துட்டுப் போனாத்தான் எனக்கு நிம்மதி" என்பார். எனக்குத்தான் எரிச்சல். எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் திரும்ப மேலே ஏற்றுவது என் வேலை. அண்ணன் இறக்குவாரே தவிர ஏற்ற மாட்டார்.

குழியில் கல் தீர்ந்தது. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்பாவும் காலமாகிவிட, அம்மா, அண்ணன், நான் மூவரும் பெரம்பலூர் டவுனில் வாடகை வீட்டுக்கு வந்தோம். முதல் நாளே பன்னிரண்டு மணிக்கு அண்ணன் பக்கத்து வீட்டு அடுக்களைக்குள் நுழைந்துவிட்டார். அந்த வீட்டு அம்மா அலறியதில் தெருவே கூடிவிட்டது. ஆட்டிசம் என்ற சொல்லை அதன் பிறகுதான் ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டோம். அண்ணனுக்கு அப்போது முப்பத்தாறு வயது.

அன்றிலிருந்து பதினொன்றரைக்கே கதவைப் பூட்டினேன். "இங்க வெடியே கிடையாதுண்ணே" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டால்தானே? தட்டித் தட்டி உள்ளங்கை கன்றிப்போகும். ஊர்ப் பாத்திரமெல்லாம் விழப்போகிறதே என்று அவர் தவிப்பார், சாவி என் இடுப்பில் இருக்கும். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

போன வருடம் சளிக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புரண்டு படுக்கவே தெம்பில்லாத மனிதர், பன்னிரண்டு மணிக்கு எழுந்து, கம்பியில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றித் தரையில் வைத்தார். குழாயில் ரத்தம் ஏறிவிட்டது. மறுநாளும் அப்படியே.

"கையைக் கட்டினாத்தாங்க மருந்து ஏறும், என்ன சொல்றீங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"கட்டுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு அண்ணன் படுத்தபடியே அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சாயங்காலம் போய்விட்டார். நானே அந்தப் பாட்டிலை ஒரு நிமிடம் இறக்கிக் காட்டியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை, பாவி எனக்கு.

கடைசிவரை பார்த்த மருத்துவருக்கும் நர்ஸுகளுக்கும், அன்று அலறினாலும் துக்கத்தில் முதல் ஆளாக வந்து நின்ற பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், பாடாலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் ஓடிவந்த குவார்ட்டர்ஸ் சொந்தங்களுக்கும், அம்மாவும் நானும் கைகூப்புகிறோம். அந்நாளில் நீங்கள் சாத்தாமல் வைத்த கதவுகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

நினைவு நாளன்று அனைவரும் வந்து சாப்பிட வேண்டும். எங்கள் அடுக்களையில் பாத்திரமெல்லாம் தரையில்தான் இருக்கும். ஒத்தாசை என்று யாரும் அவற்றை எடுத்து மேலே வைத்துவிடாதீர்கள்.