பதினோராம் பாகம்

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், ஒரு ஜப்பானியச் சிறுமி அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தில் அவள் கண்களே பாதி முகத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. தாளில் கிரீஸ் பட்டுவிடக் கூடாதென்று விரல் நுனியில் காகிதம் சுற்றியிருக்கிறார். கீழே காவலாளி கதவைத் தட்டுகிறார்.

"என்னண்ணே, பழுது பார்க்கிறீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?"

"ரெண்டும்தான். கதவை உடைச்சிடாதப்பா, அதுக்கும் நான்தான் வரணும்."

அவர் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மெக்கானிக். பழுதை முடித்தவுடன் யாரையும் ஏற விடமாட்டார். தான் மட்டும் ஏறி உச்சிவரை போய்த் திரும்புவார். ஒவ்வொரு தளத்திலும் மூடுகிற கதவுக்கு நடுவே உள்ளங்கையை நீட்டிப் பார்ப்பார். கதவு கையைத் தொட்டுப் பின்வாங்கினால்தான், "இப்ப வாங்க."

அவர் மகளுக்குப் பதினான்கு வயது. இதயத்தில் கோளாறு, மருத்துவமனையில் கிடக்கிறாள். சிறுமிகளுக்கென்றே ஜப்பானில் வரைகிற படக்கதைகள் என்றால் அவளுக்குப் பைத்தியம். என் தங்கையின் அலமாரியில் அப்படியொரு தொடர்கதை வரிசையாக இருந்தது. தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர் பார்த்துவிட்டார். "பாப்பாவுக்கு ஒண்ணு தருவீங்களா மேடம்? அழுக்குப் படாம திருப்பிடுவேன்." தங்கை அவற்றைத் திரும்பக் கேட்கப்போவதில்லை. கொடுத்தேன்.

கதாநாயகிக்குப் பள்ளி நாட்டியக் குழுவில் ஆட ஆசை. அவளுக்கும் நெஞ்சில்தான் கோளாறு. "அவ பிழைச்சா நானும் பிழைச்சுடுவேன்ப்பா" என்று மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவர் அன்றிலிருந்து ஒவ்வொரு பாகத்திலும் முதலில் தான் ஏறிப் பார்க்கிறார்.

"என்ன மேடம், அழுகையில ஆரம்பிச்சு அறிமுகத்துல முடியுது?" என்று முதல் பாகத்தோடு வந்து நின்றவர் அவர். அந்தப் புத்தகங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நமக்குக் கடைசிப் பக்கம் அவற்றுக்கு முதல் பக்கம். இப்போது காவலாளிக்கு அவரே விளக்குகிறார். "பூவிதழ் பறந்தா யாருக்கோ ஆசை வந்திருக்கு. பேச்சு, வாய்கிட்ட வரைஞ்ச பலூனுக்குள்ள இருந்தா வாயால சொன்னது. பலூன் இல்லாம மிதந்தா மனசுக்குள்ள வெச்சிருக்கிறது." பிறகு, "எம்பொண்ணு இப்பல்லாம் பலூன் இல்லாமதான் பேசுறா" என்கிறார்.

ஏழாம் பாகத்தில், மருத்துவமனையில் நாயகியின் பக்கத்துக் கட்டில் தோழி இறந்துபோனாள். அந்தப் பாகம் காணாமல் போய்விட்டதென்று சொல்லி எட்டாவதைக் கொடுத்தார். மகள் விடவில்லை. "பொய் சொன்னா உங்க காது சிவக்குதுப்பா. ஏழாவதை எடுங்க."

அலமாரியில் இருந்த வரிசை பத்தாம் பாகத்தோடு நின்றுபோனது.

"உங்க தங்கச்சி கடைசி பாகம் படிக்கலையா மேடம்?"

"வாங்கல. அதுக்குள்ள..."

அவர், ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கடையில் சொல்லிவைத்து வரவழைத்த பதினோராம் பாகம், மகளின் அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் காலையில்தான் கிடைத்தது. பதற்றத்தில் உறையைக் கிழித்தபோது கை நம் வழக்கப்படியே அட்டையைத் திறந்துவிட்டது. கதையின் கடைசிப் படம். விரிப்பு மடித்து வைத்த காலிக் கட்டில். திறந்த சன்னல். பறக்கிற திரைச்சீலை. ஓர் எழுத்துகூட இல்லை.

புத்தகத்தை மூடிக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்தார்.

"காலிக் கட்டில் மேடம். வீட்டுக்குப் போயிட்டாளா, இல்ல..."

"அதுக்கு முந்தின பக்கத்தைப் பாருங்க, தெரிஞ்சிடும்."

"கை வரமாட்டேங்குது. நீங்க பாருங்களேன்."

வாங்கினேன். என் கையும் திறக்கவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

மாலையில் மருத்துவமனைக்குத் துணைக்கு வரச் சொன்னார். போனேன். பாதி சாய்த்த கட்டிலில் கிடந்த மகள், எங்களைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"வந்துடுச்சா! படிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா."

அவள் அவருடைய காதைப் பார்த்தாள். சிவக்கவில்லை.

"ஏன் படிக்கல? பயமா?"

"ஆமாடா."

"எனக்கும்தான்" என்றாள். பிறகு, "தள்ளி உட்காராதீங்க. கிட்ட வாங்க."

அவளே வலப்பக்க அட்டையைத் திறந்தாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, லிஃப்ட் கதவுக்கு நடுவே நீட்டுகிற அதே உள்ளங்கையால், புத்தகத்தின் இடப்புறக் கடைசித் தாள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.