கஷ்டம் பார்க்க வந்தவர்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அப்போது நான் டீச்சர். கஷ்டப் பிரதேசத்தில் படிப்பிக்கிறேன் என்று அரசாங்கம் சம்பளத்தோடு ஒரு கொடுப்பனவும் தந்தது. அந்தக் கஷ்டப் பிரதேசம் நான் பிறந்த தொழிலாளர் லயத்திலிருந்து கூப்பிடு தூரம். விஷயத்தைச் சொன்னபோது அம்மா நம்பவே இல்லை.

"நம்ம வீட்டுல நாம படுத்து எந்திரிக்கிறதுக்குக் காசா? அப்ப எனக்கு ஏன்டி குடுக்கல?"

எனக்கு அது கைச்செலவு. கணக்குப் படிப்பிக்கும் சேருக்கு அதுதான் உயிர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவியும் பிள்ளைகளும் இடம்பெயர்ந்து வவுனியாவில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவருக்கு முன்னால் வந்த கணக்கு வாத்தியார்கள் எல்லாரும் முதல் மழைக்கே மூட்டை கட்டியவர்கள். இவர் மட்டும்தான் அட்டைக்கடியைப் பொறுத்துக்கொண்டு தங்கினார். சாதாரண தரப் பொதுப் பரீட்சை எழுதவிருந்த பிள்ளைகள் அவரை நம்பியே இருந்தார்கள். என் தங்கச்சியும் அந்த வகுப்பில்தான். கணக்கில் கோட்டை விட்டால் அவளுக்குக் கொழுந்துக் கூடை காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு செய்தி வந்தது. எங்கள் பாடசாலை இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறதா என்று பார்க்கப் பதுளையிலிருந்து கல்வி அதிகாரி வரப்போகிறாராம்.

"காசு நிண்டால் நான் டவுனுக்கு மாத்தல் எடுத்திடுவன், டீச்சர்" என்றார் சேர். "அங்க ரியூஷன் குடுத்தாவது வீட்டு வாடகை கட்டலாம். இஞ்ச ஆர் ரியூஷனுக்குக் காசு தாறது?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாடசாலை அதிபர் பெற்றோரைக் கூட்டிப் படித்துப் படித்துச் சொன்னார். "வாறவருக்கு நம்ம கஷ்டத்தக் காட்டணும். உள்ளது உள்ளபடி காட்டினாப் போதும்." எல்லாரும் பக்தியோடு தலையாட்டினார்கள். தலையாட்டினால் ஒத்துக்கொண்டதாக நினைப்பவர் எங்கள் ஆட்களை அறியாதவர். வீட்டுக்கு வந்த மனிதரிடம் பஞ்சப்பாட்டுப் பாடுவதா? அதைவிட நாண்டுகொண்டு சாகலாம்.

அதிகாரி வரும் அன்று காலை, ஆட்கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்த கையோடு தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஆட்களைத் திரட்டினார். ரோட்டுக் குழிகளில் கல்லும் மண்ணும் விழுந்தன. நடைபாதை முழுக்க அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் தூவினார்கள். கோயிலில் இருந்து நாற்காலிகள் வந்தன. தலைவர், தோட்ட நிர்வாகியான துரையின் காலைப் பிடித்து ஜீப்பை வாங்கி, அதிகாரியைச் சந்தியிலிருந்தே ஏற்றிவந்தார். தப்படித்து, மாலை போட்டு, கோழிக்கறியும் படைத்தாயிற்று. மழைகூட எங்கள் ஆட்களோடு சேர்ந்துகொண்டு அன்றைக்கென்று ஒளிந்துகொண்டது.

அதிகாரி எலும்பைக் கடித்தபடி கேட்டார். "உங்களுக்கெல்லாம் இங்க என்ன கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்லீங்க ஐயா!" என்றது தோட்டம், ஒரே குரலில்.

அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். சேர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் பின்பக்கம் ஓடி, கறிச்சட்டிக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் வெடித்தேன். "நல்லா விருந்து வையுங்க! சேர் டவுனுக்குப் போகட்டும். தங்கச்சி உங்களோட கொழுந்தெடுக்க வரட்டும்!"

அம்மா கையில் அகப்பையோடு நேரே அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அந்த ரோட்ட இன்னைக்குக் காலையிலதான் போட்டாங்க. ஒரு மழைக்குத் தாங்காது. இந்த நாக்காலி சாமியோடது. நீங்க வந்த ஜீப்பு தொரையோடது. எங்க வீட்டு மனுசனுக்கு நெஞ்சு வலிச்சப்ப அதத்தான் கேட்டோம், குடுக்கல. தூக்கிட்டுத்தான் போனோம், வழியிலயே முடிஞ்சிருச்சு. சேரு தங்குற ரூம்புல போயி மேல பாருங்க, வானம் தெரியும்."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அப்பாவின் சாவை அவள் வெளியாளிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதிகாரி கையைக் கழுவிவிட்டு, சேரின் அறைக்கு நடந்துபோனார். அங்கே கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றார்.

முடிவு வர நாளானது. அதுவரை லயத்தில் அம்மாவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர்ப் பீலியில் அவளைக் கண்டால் பெண்கள் குடத்தோடு விலகினார்கள். கடைசியில் செய்தியைக் கொண்டுவந்தவர் தலைவர்தான்.

"கஷ்டம்னே எழுதிட்டாங்களாம். சேரு எங்கயும் போகலயாம்" என்றார், வாசலிலேயே நின்றபடி. "ஆனாலும் வந்தவரு முன்னுக்குத் தோட்டத்து மானத்தையே வாங்கிட்டியேக்கா!"

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தவில்லை.

"மானம் வந்து எம் புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்குமா, தம்பி?"

தலைவரின் மகனும் அதே வகுப்பில்தான் இருந்தான். அவர் செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, அம்மா நீட்டிய தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார்.