ஐஸ் கட்டிக்குள் ஒரு பாரை

எங்கள் ஐஸ் கொம்பனிக்கு ஒரு நோக்கம் இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த சுவரில் அதை ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்: 'மீனவர் வாழ்வே எமது நோக்கம்.' காலையில் வேலை தொடங்குமுன் நாங்கள் எல்லோரும் ஐஸ் மிஷினுக்கு முன்னால் கைகட்டி நின்று அதை ஒரே குரலில் சொல்ல வேண்டும். சாமிக்கு முன்னால்கூட நான் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. அறுபதுகளின் கடைசியில் அங்கே தட்டச்சு வேலை பார்த்தேன். சம்பளத்துக்காக அந்தக் கூத்தையும் ஆடினேன்.

மிஷினைப் புதிதாகக் கொண்டுவந்து பூட்டிய கிழமை மனேச்சர் மீனவர்களைக் கூட்டி, "இனி உப்பு எதுக்கு? விஞ்ஞானம் வந்திட்டுது!" என்று முழங்கினார். கொழும்பிலிருந்து வந்த மனிதர். பாரை மீனுக்கும் சூரை மீனுக்கும் வித்தியாசம் தெரியாது, கதை மட்டும் வாய் கிழிய. சனமும் நம்பி, மீன் உப்பிடும் பீப்பாக்களைக் கடற்கரைக்கு உருட்டி வந்து உடைத்துக் கொளுத்தியது. கைதட்டல் வேறு! என் தம்பியின் பீப்பாவும் அந்த நெருப்பில் போனது.

தம்பி இரவல் வலையில் தொழில் செய்தவன். அந்த மாரிமழைக் காலத்துக்குள் ஒரு தடவையாவது நல்ல மீன் கொழும்பு லொறியில் ஏறாவிட்டால் வலையைத் திருப்பி எடுத்துவிடுவதாக வலைக்காரர் சொல்லியிருந்தார். கடைசியில் கடவுள் கண் திறந்தார். கொட்டியாரக் குடாவில் ஒரு விடியற்காலை தோணி நிறையப் பாரை பட்டது. அந்த மாரியின் கடைசி லொறி மறுநாள் பின்னேரம்தான். தம்பி ஐஸ் கேட்டு நேரே எங்கள் கொம்பனிக்கு ஓடி வந்தான்.

"ஐஸ் தர ஏலாது," என்றார் மனேச்சர். மறுநாள் ஒரு பெரிய மனிதர் மிஷினைப் பார்க்க வருகிறாராம். இருக்கிற ஐஸ் முழுவதையும் அடுக்கி அவருக்கு ஒரு அலங்கார வாசல் கட்ட வேண்டுமாம். "ஆனா உம்மட மீனிலை வடிவான ஒண்டைத் தாரும். கட்டிக்குள்ள வைச்சு உறைய விடுவம். அவர் பார்க்கட்டும்."

"ஐயா, மிச்ச மீனை நான் என்ன செய்யிறது? மழை, காயப்போட ஏலாது. உப்பிடப் பீப்பாவும் இல்லை."

"ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும்."

"நீங்கள் பொறுப்பீங்கள், மீன் பொறுக்குமோ?" என்று நான் கேட்டேன்.

"நீங்கள் போய் வரவேற்புரையை அடியுங்கோ, மிஸ்."

மறுநாள் மத்தியானம் பெரியவர் வந்தார். கடற்கரையில் தம்பியின் மீன் அழுகிக் கிடந்த நாற்றமும் கூடவே வந்தது. மனேச்சர் சாம்பிராணி போடச் சொன்னார். தூ! ஐஸ் கட்டிக்குள் ஒரேயொரு பாரை, இரண்டு பக்கமும் செவ்வரத்தம்பூவோடு, பளபளவென்று இருந்தது. "அருமை! அருமை!" என்றார் பெரியவர்.

தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான்.

"ஐயா, அது என்ர மீன். கெடாமல் இருக்கிறது அது ஒண்டுதான். அதையாவது தாங்கோ."

பெரியவர் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கட்டியை அவருடைய காரில் ஏற்றினார்கள். லொறி வெறுமையாகப் போனது. அன்று பின்னேரமே வலைக்காரர் வந்து வலையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை தம்பி எங்கள் கொம்பனியில் ஐஸ் கட்டி சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தான். முதல் நாள் காலை மிஷினுக்கு முன்னால் எனக்குப் பக்கத்தில் வந்து கைகட்டி நின்றான். "மீனவர் வாழ்வே எமது நோக்கம்," என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.