மலாக்காவிலேயே சுத்தமான கோழி

கொசு பிடிப்பதும், கோழிக்கு ரத்தம் எடுப்பதும், பன்றியின் காதில் ஊசி குத்துவதும் ஒரே உத்தியோகம்தான். அதில் கஷ்டமான பகுதி, அதைப் பெண் வீட்டாருக்கு விளக்குவது. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லாத வேலை பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு என் சிரமம் புரியும்.

மலாயா சுதந்திரம் பெற்ற சமயம். விலங்குகளிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் காய்ச்சல்களை ஆராயும் ஒரு குழு மலாக்காவில் வந்து தங்கியது. என் பள்ளிப் படிப்பு ஜப்பான்காரன் வந்ததோடு நின்றுபோனது. ஆங்கிலத்தை மருந்துப் புட்டிகளில் ஒட்டியிருந்ததைப் படித்தே கற்றுக்கொண்டேன். ஆனாலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மூளைக் காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் ஒன்று பன்றியிலும் நீர்ப்பறவையிலும் பெருகி, கொசு வழியாக மனிதனுக்கு வருகிறது என்று குழுவின் டாக்டர் சொல்லித் தந்தார். அது மலாக்காவில் காஜா பேராங் பக்கம் வந்துவிட்டதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அங்கே மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்த முத்தையாவின் மகள் தனலெட்சுமியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் சொந்த வேலை.

முழங்காலுக்குக் கீழே

கொசு பிடிக்க வலை வேண்டாம். பொழுது சாயும்போது காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, முக்காலி போட்டு உட்கார வேண்டும். கொசு தானாகக் காலில் வந்து உட்காரும். உடனே கண்ணாடிக் குழாயை அதன்மேல் கவிழ்த்து, பஞ்சு வைத்து அடைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் கொசு பறந்துவிடும். கொஞ்சம் பிந்தினால் நம்முடைய ரத்தத்தோடு குழாய்க்குள் போகும்.

இதற்கு முத்தையாவின் மாட்டுக் கொட்டகை ஓரம்தான் நல்ல இடம் என்று டாக்டரிடம் சொன்னேன். பொய்யில்லை. மாடு உண்டு, தேங்கிய தண்ணீர் உண்டு. மற்றதை டாக்டரிடம் சொல்லவில்லை. என்னைப் பல நாள் பார்த்துக்கொண்டே பால் கறந்த முத்தையா, ஒரு மாலை வாளியோடு வந்து பக்கத்தில் நின்றார். "தம்பி, கொசுக்கடிக்கு கவர்ன்மெண்டு சம்பளம் குடுக்குதுன்னா, நான் இந்நேரம் பெரிய முதலாளியா இருக்கணுமே லா!"

இறக்கையைப் பிடித்த கை

கொசு மட்டும் போதாது என்று காவல் கோழிகளும் வைத்தோம். கோழிக்கு அந்தக் காய்ச்சல் வராது. ஆனால் கிருமியுள்ள கொசு கடித்திருந்தால் அதன் ரத்தத்தில் அடையாளம் தெரியும். ஒரு வெள்ளைக் கோழியின் காலில் எண் போட்ட வளையத்தை மாட்டி, முத்தையா வீட்டுப் பின்புறம் கூண்டில் வைத்தேன். குறித்த நாளில் போய் இறக்கைக்கு அடியில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பேன். நடுவில் கோழி காணாமல் போனால் அதுவரை எடுத்த ரத்தமெல்லாம் வீண், அந்த இடத்தையே விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த இடத்தை விட்டுவிட்டால் எனக்கு அந்த வீட்டில் என்ன வேலை?

இறக்கையை விரித்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். தனலெட்சுமி பிடிப்பாள். அவளும் இரண்டு வெள்ளைக் கோழிகள் வளர்த்தாள். பிடிக்கும் பக்குவம் தெரியும். நாங்கள் பேசியதெல்லாம் கோழியைப் பற்றித்தான். ஏன் ரத்தம், எங்கே போகிறது, கோழி செத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு நாள், ஊசி குத்தினால் அதற்கு வலிக்காது என்று நான் தைரியம் சொன்னபோது, தலை நிமிராமல் சொன்னாள்: "கோழி சும்மாதான் இருக்கு. உங்க கைதான் நடுங்குது."

ஐஸ் பெட்டி

ரத்தக் குழாய்களை மரத்தூளும் ஐஸும் போட்ட பெட்டியில் வைத்து, தம்பின் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் கோலாலம்பூர் ரயிலில் ஏற்றுவோம். வண்டி ஓட்டியவர் பாக் மாட் என்ற மலாய் முஸ்லிம். என்னைவிட மூத்தவர், நிதானமானவர். அது அவசரகாலம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று வழியில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு போலீஸ்காரர் பெட்டியில் மீன் இருக்கிறது என்று முடிவு கட்டி, தானே மூடியைத் திறந்தார். உள்ளே வரிசையாக ரத்தம். மூடியை மெதுவாக மூடினார்.

திரும்பும் வழியில் தனலெட்சுமி விஷயத்தைப் பாக் மாட்டிடம் சொன்னேன். எனக்குத் தாய் தகப்பன் இல்லை, பேசப் பெரியவர்கள் யாரும் இல்லை என்றேன். அவர் மலாயில் சொன்னார்: "நான் சொங்கோக் தொப்பி போட்டுக்கொண்டு வருகிறேன். நீ மட்டும் அந்தப் பெட்டியை எடுத்து வராதே."

பன்றிகளின் சிபாரிசு

பன்றிக் கொட்டகைக்கு நான் மட்டும் சைக்கிளில் போவேன். பாக் மாட்டை வரச் சொல்வது முறையில்லை. கொட்டகை முதலாளியான சீனத் தவுக்கே பன்றியைக் கயிறு போட்டுப் பிடிப்பார். நான் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்து, கத்துவதை நிறுத்தியதும் காது நரம்பில் ரத்தம் எடுத்துவிடுவேன்.

பாக் மாட் பெண் கேட்க வரப்போவதாகச் சொல்லி அனுப்பியதும், முத்தையா என்னைப் பற்றி விசாரிக்கக் கிளம்பினார். உறவுக்காரர்கள் இல்லாதவனைப் பற்றி யாரிடம் விசாரிப்பது? என் சைக்கிள் அடிக்கடி நின்ற இடம் தவுக்கேயின் கொட்டகை. அங்கேயே போய், பையன் எப்படி என்று கேட்டிருக்கிறார். தவுக்கே கொடுத்த சான்றிதழை முத்தையா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்: "நல்ல ஆள். என் பன்றிகூட அவன்மேல் கோபப்படுவதில்லை."

விருந்து

பெண் கேட்கப் போன அன்று பாக் மாட் சொன்னபடி சொங்கோக் அணிந்து வந்தார். வாழையிலையில் சோறும் கோழிக் குழம்பும். பாக் மாட்டுக்காக, ஜாலான் துக்காங் எமாஸ் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த பாயிடம் கோழியைக் கொடுத்து, ஓதி அறுத்து வாங்கி வந்ததாக முத்தையா சொன்னார். நான் முதல் கவளத்தை எடுத்தபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை. இது சும்மா கோழியில்ல. நீங்க வளையம் போட்ட கோழி. ரத்தம் எடுத்து எடுத்து, நோய் இல்லேன்னு கவர்ன்மெண்டே பாத்தது. மலாக்காவிலேயே இதைவிடச் சுத்தமான கோழி கிடையாது. விருந்தாளிக்கு இதைப் போடாம வேற எதைப் போடுறது?"

பின்கதவு வழியாகப் பார்த்தேன். கூண்டு காலி. மாதக்கணக்கில் எடுத்த ரத்தம், டாக்டரின் முகம், எல்லாம் கண்முன் வந்தது. ஆனால் அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தால் அந்தச் சொல்லும் போய்விடும். பாக் மாட்டும் காலிக் கூண்டைப் பார்த்துவிட்டார். என் முழங்காலைத் தட்டி, "மாக்கான் சஜா" என்றார். பேசாமல் சாப்பிடு. சாப்பிட்டேன்.

தனலெட்சுமி ரசம் ஊற்ற வந்தாள். என் இலைக்கு நேராகக் குனிந்தபோது, அப்பாவுக்குக் கேட்காமல் சொன்னாள்: "உங்க கோழி கொட்டகையில கூடைக்கடியில இருக்கு. இது என் முட்டைக் கோழி, வளையத்தக் கழட்டி இதுக்கு மாட்டிக் கூண்டுல விட்டேன். சாவு வீட்டுல சாப்பிடுற மாதிரி சாப்பிடாதீங்க, அப்பா பாக்கிறாரு."

பிறகு

கோழி புது வளையத்தோடு கூண்டுக்குத் திரும்பியது. டாக்டர் புதுக் கோழி அனுப்பியிருக்கிறார் என்று அவளே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அடுத்த தடவை எடுத்த ரத்தத்தில் அடையாளம் தெரிந்தது. எங்கள் பக்கம் கிருமி வந்துவிட்டதை அந்தக் கோழிதான் சொன்னது. கொசு மருந்து அடிக்க ஆட்கள் வந்தார்கள். காஜா பேராங்கில் அந்த மழைக்காலத்தில் யாருக்கும் மூளைக் காய்ச்சல் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அது மருந்தாலா, அதிர்ஷ்டத்தாலா என்று கேட்டேன். டாக்டர் தோளைக் குலுக்கினார்: "யாருக்குத் தெரியும்? நீ கோழியைப் பார்த்துக்கொள்."

தனலெட்சுமியோடு நிறைவாக வாழ்ந்தேன். அவள் போன பிறகும் அந்த நிறைவு என்னோடு இருக்கிறது. மாமனார் மட்டும், வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளைக்குப் போட்ட கோழியின் சுத்தத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை நாங்கள் திருத்தவில்லை.

எந்தக் கிருமி எந்த விலங்கில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய நான், என் கோழி எந்தக் கூடைக்கடியில் ஒளிந்திருக்கிறது என்பதைப் பெண்டாட்டியாகப் போகிறவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.