மகளிடம் மலாய் படித்த முத்துவேலு

போன திங்கட்கிழமை காலையில், ஒரு மனிதர் ஊமையானதை என் கண்ணால் பார்த்தேன்.

அதுவும் யார்? எங்கள் மலாக்காவின் காஜா பெராங் சாலையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் முத்துவேலு. அவரைத் தெரிந்தவர்களிடம் சொன்னால் நம்பவே மாட்டார்கள். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் ஓயும், அவர் வாய் ஓயாது. தெங்கேராவிலிருந்து வரும் மீன்காரர், பக்கத்துச் சீனர் கடை முதலாளி, சைக்கிளை வெளியே சாத்திவிட்டு வரும் மலாய்த் தபால்காரர் — யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவருடைய குடும்பக் கதை முழுவதும் வெளியே வந்துவிடும். எல்லாம் மலாயில்தான். இருபது வருஷமாகப் பேசிப் பேசிப் பழகிய பாசார் மலாய், அதாவது சந்தை மலாய். இலக்கணம் கிடக்கட்டும்... அந்த மலாயில் அவர் சிரிக்க வைப்பார், சண்டையை விலக்குவார், ஒரு தடவை கல்யாணமே பேசி முடித்தார்.

அந்த முத்துவேலுதான் ஊமையானார். ஆக்கியது யார் என்று கேட்கிறீர்களா? ஆக்கியது கல்வி.

கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம். சில மாதங்களுக்கு முன் நம் பழைய கல்வி முறை பற்றி எழுதியிருந்தேன். நம் பழைய ஆசிரியர்கள் படிப்பைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது கால் பங்கு. கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகித் தெளிவது இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு எப்போது வருமாம்? படித்ததை நாம் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது. என்ன அருமையான கணக்கு! சுதந்திர நாட்டில் நம் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரன் விட்டுப்போன மனப்பாடமே போதுமா, நம்முடையதைத் தூசி தட்டி எடுத்தால் என்ன என்று வீராவேசமாகக் கேட்டிருந்தேன்.

வழக்கமாக நான் எழுதுவதை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்? இந்தத் தடவை ஒருவர் போட்டுக்கொண்டார். இந்தப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பெயர் வேண்டாம். நல்ல மனிதர். இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு மாரடிக்கிறவர். என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இதத்தான் சார் நான் தேடிக்கிட்டிருந்தேன். நாளையிலேர்ந்து ஒரே வீட்டுப்பாடம்தான். அன்னன்னிக்குப் படிச்சத வீட்டுல யாருக்காவது சொல்லிக் குடுத்துட்டு வரணும்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த வாரமே அவரைப் பாராட்டி இங்கே எழுதினேன்.

அவர் வகுப்பில்தான் முத்துவேலுவின் மகள் தனலெட்சுமி படிக்கிறாள். வீட்டில் தனம். ஐந்தாம் வகுப்பு, கெட்டிக்காரி, வாத்தியார் சொன்னால் அவளுக்கு அது வேதவாக்கு. வீட்டுக்குப் போனதும் முதலில் அம்மாவைப் பிடித்தாள். “எனக்கு அடுப்புல உலை கொதிக்குது, அப்பாகிட்டப் போ” என்று அம்மா தப்பித்துவிட்டார். ஆக, மாணவர் முத்துவேலு. பாடம், தேசிய மொழியான மலாய்.

அவருக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து முதல் ஒரு வருஷம், இங்கே நெடுநாள் இருந்தவர்களுக்கு மொழிச் சோதனை இல்லாமலே குடியுரிமை கொடுத்தார்கள். முத்துவேலு போகவில்லை. இன்று, நாளை என்று தள்ளிப்போட்டார். கடையைச் சாத்தினால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடுமே என்ற பயம். கெடு முடிந்துவிட்டது. இப்போது ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் மலாய் பேசிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மகள் மலாக்காவில் பிறந்தவள். அவள் இந்த நாட்டுக் குடிமகள். அப்பா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர், இன்னும் அந்நியர்.

“ஒரே வீட்டுல அவ இந்த ஊருக்காரி, நான் வெளிநாட்டுக்காரனா ஐயா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

சிரிப்புக்குப் பின்னால் பயம் இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டால் மகளை இங்கே விட்டுவிட்டா போக வேண்டும் என்று ஒரு தடவை என்னிடம் மெதுவாகக் கேட்டார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

பாடம் கடையிலேயே நடந்தது. வாடிக்கையாளர் முகத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருக்கும். பக்கத்து ஸ்டூலில் தனம். அப்பா மலாயில் எதையாவது ஆரம்பித்தால் பாதியிலேயே நிறுத்துவாள்.

“அப்பா, அது கடைப் பேச்சு. அப்படிச் சொல்லக்கூடாது. வாத்தியார் கேட்டா சிரிப்பாரு.”

முத்துவேலு திருத்திச் சொல்வார். அவள் சரி என்று தலையை ஆட்டும்வரை சொல்வார். ஊரையே சிரிக்க வைத்த மனிதர், ஒரு சின்னப் பெண்ணின் தலையாட்டலுக்காகக் கத்தியைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டு நிற்பார். பார்க்க அழகாக இருந்தது. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் கம்போங் செட்டியிலிருந்து ராஜா பிள்ளை வந்தார். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களின் வம்சம். நெற்றியில் திருநீறு, வீட்டில் பொங்கல், வாயைத் திறந்தால் மலாய். பெரும்பாலும் தமிழ் தெரியாது. பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போல ஏதோ ஊர்க்கதை சொன்னார். தனம் அவரையும் திருத்தினாள். அவருடைய தாய்மொழியை!

கடையே சிரித்தது. பிள்ளையும் சிரித்தார். “பண்டாய் புடாக் இனி” — கெட்டிக்காரக் குழந்தை இது — என்று அவள் கன்னத்தைத் தட்டினார். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது நான்தான். முத்துவேலு மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையின் மலாயே தப்பு என்றால் தன்னுடையது எந்த மூலைக்கு என்று யோசித்திருப்பார் போலிருக்கிறது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

சோதனைக்குக் குறித்த திங்கட்கிழமை வந்தது. துணைக்கு நானும் போனேன். அதிகாலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்திலும் தனம் அப்பா நெற்றியில் திருநீறு வைத்துவிட்டுப் பாடத்தை ஒரு தடவை ஒப்பிக்கச் சொன்னாள். ஒப்பித்தார். கடைசியாக அவள் சொன்ன யோசனை இது: “தப்பு வர்ற மாதிரி இருந்தா நிறுத்திடுங்கப்பா. யோசிச்சு, சரியானது வந்தப்புறம் பேசுங்க.”

அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். ப்யூன் ஒரு மலாய்க்காரர். அவருடைய பின்னங்கழுத்தைப் பார்த்ததும் முத்துவேலுவால் சும்மா இருக்க முடியவில்லை. “இனி அபா மாச்சாம் பொத்தோங்?” — இது என்ன மாதிரி வெட்டு? — என்று ஆரம்பித்தார். வெட்டியவன் அன்றைக்குப் பெண்டாட்டியோடு சண்டை போட்டிருப்பான், அந்தக் கோபம் உங்கள் கழுத்தில் தெரிகிறது என்றார். ப்யூன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு அவர் தன் மனைவியின் கோபத்தைப் பற்றிச் சொல்ல, இவர் அதற்கு வைத்தியம் சொல்ல... இதைவிடவா ஒரு மொழிச் சோதனை வேண்டும்?

உள்ளே கூப்பிட்டார்கள். துணைக்கு வந்தவர் கதவோரம் நிற்கலாம் என்றார்கள். நின்றேன். அதிகாரி கண்ணாடி போட்ட மலாய்க்காரர், சாந்தமான முகம். முத்துவேலு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். பேர், ஊர் என்று ஆரம்பிக்காமல், “முடி வெட்டுகிறவரா? உங்கள் கடையில் என்னென்ன பேசிக்கொள்வார்கள், சொல்லுங்களேன்” என்று மலாயில் கேட்டார்.

இந்த மனிதருக்கு இதைவிடச் சுலபமான கேள்வி உண்டா? மத்தியானம் வரைக்கும் பேசலாமே.

முத்துவேலு பேசவில்லை.

உதடு அசைந்தது. மூடிக்கொண்டது. அதிகாரி காத்திருந்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மறுபடி உதடு அசைந்து மூடிக்கொண்டது. ஒரு கிளாஸ் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். முத்துவேலு குடித்தார். பெயரைக் கேட்டார். முத்துவேலு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது — ஐயா, வெளியே உங்கள் ப்யூனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று. கத்தவில்லை. எழுதுகிற தைரியம் வேறு, அந்த மாதிரி அறையில் பேசுகிற தைரியம் வேறு.

அதிகாரி கடைசியில் அன்பாகவே சொன்னார். கொஞ்சம் மலாய் கற்றுக்கொண்டு சில மாதம் கழித்து வாருங்கள்.

மலாய் கற்றுக்கொண்டு...

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். “என்ன ஆச்சு முத்துவேலு?” என்றேன்.

“வாயில வந்ததெல்லாம் கடைப் பேச்சு ஐயா. பள்ளிக்கூடத்துப் பேச்சத் தேடுனேன், ஒண்ணும் ஆப்புடல. அந்தப் பெரிய மனுசன் முன்னால தப்புத் தப்பாப் பேசி, அது எம்மகளுக்குத் தெரிஞ்சா அவளுக்கு எவ்வளவு அசிங்கம்? வேணாம்னு வாய மூடிக்கிட்டேன்.”

எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

அன்று மத்தியானமே ஆசிரியரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்புறம் சொன்னார்:

“ஒருத்தர் தடுமாறிட்டாருங்கிறதுக்காக முறையையே விட்டுடலாமா சார்? இப்ப எத்தனை வீட்டுல பிள்ளைங்க பாடம் நடத்துது தெரியுமா? பத்து பெரெண்டாம் ஊர்ப் பள்ளிக்கூடத்துலகூட ஆரம்பிக்கப் போறாங்க. உங்க பத்தியத்தான் எடுத்துக் காட்டுனேன்.”

தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அவரை என்ன சொல்வது? கால், கால், அரை என்ற கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். சொல்லிக்கொடு, சொல்லிக்கொடு என்று குழந்தையை ஏவிவிட்டோம். அதே பழைய ஆசிரியர்கள் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள் — எதிரே உட்கார்ந்திருப்பவன் எதை, எவ்வளவு, எப்படி வாங்கிக்கொள்வான் என்று தெரிந்துகொண்டு பிறகு சொல்லிக்கொடு. அதையும் நான் படித்திருக்கிறேன். பத்தியில் எழுதவில்லை. கணக்கு கவர்ச்சியாக இருந்தது, இது கொஞ்சம் சப்பென்று இருந்தது. பழைய சாமானைத் தூசி தட்டி வைக்கும்போது பளபளக்கிற பக்கத்தைத்தானே வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கிறோம்?

முத்துவேலுவிடம் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. என்ன இல்லை என்று பார்த்தோம். தனத்தைச் சொல்லிக் குற்றமில்லை. தப்பைத் தேடு, தேடித் திருத்து — பள்ளிக்கூடம் அவளுக்குக் காட்டிய ஒரே வழி அதுதானே? புது நாடு, புதுக் கொடி, புதுப் பாடப்புத்தகம்... பாடம் நடத்துகிற விதம் மட்டும் அப்படியே. நம்முடைய பழைய நல்லதைத் தேடி எடுத்து வந்தாலும் கடைசியில் அதே பிரம்புக்குக் கீழேதான் கொண்டுபோய் வைக்கிறோம். இதை யார், எங்கே ஆரம்பித்து மாற்றுவது? எனக்குத் தெரியவில்லை. இந்த வாரம் எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை.

கடையில் இப்போது கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். நேற்று ராஜா பிள்ளை பொறுக்கமாட்டாமல், “அபா பசால் தியாம்?” — ஏன் பேசாமல் இருக்கிறாய்? — என்று கேட்டார். முத்துவேலு தலையை மட்டும் ஆட்டினார்.

மகளிடம் அதிகாரி லீவு என்று சொல்லிச் சமாளித்து வைத்திருந்தார். எத்தனை நாளைக்கு? நான் ஆசிரியரிடம் சொன்னது ஆசிரியர் வாய் வழியாக வகுப்புக்குப் போய்விட்டது. நேற்று, ராஜா பிள்ளை நாற்காலியில் இருக்கும்போதே, தனம் பள்ளிக்கூடப் பையோடு கடைக்குள் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“உங்களுக்குக் குடியுரிமை குடுக்கலியாம்ல? வாத்தியார் சொன்னாரு. நான் இன்னும் நல்லாச் சொல்லிக் குடுக்கணுமாம். என்னப்பா தப்பு பண்ணுனீங்க? நான் எதச் சரியாச் சொல்லிக் குடுக்கல?”

முத்துவேலு கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

“நீ எல்லாம் சரியாத்தான் சொல்லிக் குடுத்த தனம். நீ திருத்துன தப்புல ஒண்ணக்கூட அப்பா அங்க பண்ணல.”

அவள் முகம் தெளிந்தது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவர் பொய் சொல்லவில்லை. வாயைத் திறந்தால்தானே தப்பு வருவதற்கு?